பெட்டியில் மிஞ்சிய பச்சை விளக்கு

நுரைச்சோலையிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் மணல் ஒழுங்கை ஒன்றில் முஃப்லிஹாவின் வீடு இருக்கிறது. அந்த ஒழுங்கைக்குப் பிரதேச சபை வைத்த பெயர் ஒன்று உண்டு. தபால்காரரைத் தவிர வேறு யாருக்கும் அது நினைவில்லை. "முஃப்லிஹாட லைன் போற ஒழுங்கை" என்றுதான் சனங்கள் அடையாளம் சொன்னார்கள். அந்த இன்டர்நெட் லைனைக் கொடுத்த கையைப் புகழ்ந்த அதே வாய்கள் பிறகு என்னவெல்லாம் பேசின என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது முஃப்லிஹா சின்னப் பிள்ளை. வள்ளத்தில் கொண்டுவந்து கற்பிட்டிக் கரையில் இறக்கினார்கள். முகாமில் தென்னங் கிடுகால் கட்டிய குடில்கள் வரிசையாக நின்றன. பக்கத்துக் குடிலில் இருந்தவள்தான் ஸம்ஹா, அவளும் மன்னார்ப் பிள்ளை, ஒரே வயது. இருவருக்கும் நடுவில் ஒரு கிடுகுத் தட்டிதான். அதன் இடுக்கில் ஒருத்தி ஈர்க்கை நுழைத்து ஆட்டுவாள். மற்றவள் அதைப் பிடித்து ஒருமுறை இழுத்தால் "வாறன்" என்று பொருள். பிறகு காணி கிடைத்துக் கல்வீடு எழும்பியபோது, செலவைக் குறைக்க இரண்டு வாப்பாமாரும் நடுவில் ஒரே சுவரைக் கட்டிக்கொண்டார்கள். ஈர்க்கு போய்ச் சுவரில் தட்டுவது வந்தது. ஸம்ஹா அகப்பைக் காம்பால் இரண்டு தட்டுத் தட்டுவாள். முஃப்லிஹா பதிலுக்கு ஒரு தட்டுத் தட்டுவாள். இருவருக்கும் கலியாணமான பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

முஃப்லிஹா புத்தளம் டவுனில் கம்பியூட்டர் படித்தாள். ஓர் உப்புக் கம்பனியின் கந்தோரில் வேலை கிடைத்தது. அங்கே கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வேலைக்குக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்துபோவார். அவருக்கு ஏணி பிடித்து, வயர் நீட்டி, கேள்வி கேட்டுக் கேட்டே அவள் அந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டாள். இடையில் கட்டியவன், பிள்ளை இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி, சிலாபத்துப் பக்கம் வேறொருத்தியைத் தேடிக்கொண்டு போனான். அதைப்பற்றி அவள் பேசுவதில்லை. அவளுக்கும் சேர்த்து ஒழுங்கை பேசி முடித்துவிட்டது.

கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடிய காலத்தில்தான் முஃப்லிஹாவின் பெயர் எழும்பியது. பாடமெல்லாம் போனில் என்றார்கள். ஒழுங்கைக்குள் சிக்னல் இல்லை. பிள்ளைகள் தண்ணீர்த் தாங்கிக்கு மேல் ஏறி நின்று படிக்கிற கூத்தைப் பார்க்கச் சகிக்காமல், பெரிய றோட்டில் போன ஃபைபர் லைனைத் தன் வீட்டுக்கு எடுத்தாள். அங்கிருந்து வீட்டுக்கு வீடு வயர் இழுத்தாள். உப்புக்காற்று அரிக்காமலிருக்க வயரைத் தண்ணீர்க் குழாய்க்குள் விட்டு, வேலி நெடுக நைலோன் வலைக்கயிற்றால் கட்டினாள். பிளாஸ்டிக் கட்டுகள் அந்த வெயிலுக்கு ஒரு மாதம் தாங்காது. வயர் போய்ச் சேர்ந்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்ன வைஃபை பெட்டி. வயர்களின் மறுமுனையெல்லாம் முஃப்லிஹாவின் அலுமாரிக்கு மேலிருந்த ஒரு பெட்டியில் வந்து சொருகிக்கொண்டன. அதைச் சுவிட்ச் என்பார்கள். வரிசையாகத் துளைகள், ஒவ்வொரு துளைக்கும் ஒரு பச்சை விளக்கு. ஒரு வீட்டு வயர் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டு விளக்கு எரியும். பாடம் ஓடும்போது எல்லா விளக்குகளும் துடிக்கிற துடிப்பை, கதிரையில் இருந்துகொண்டு பார்ப்பது அவளுக்குப் பெரிய சந்தோசம். பெற்ற பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள் என்று சொன்னால் அது மிகையில்லை.

ஸம்ஹாவுக்கு அதில் ஆர்வம் அதிகம். அவளுடைய மாப்பிள்ளை கட்டாரில். வீட்டில் நான்கு பெண்பிள்ளைகள். கலியாணக் காட் அடிப்பது, படங்களைத் திருத்திக் கொடுப்பது என்று கம்பியூட்டரில் ஒரு கைத்தொழில் செய்துகொண்டிருந்தாள். ஒருநாள் அலுமாரிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இந்தப் பெட்டிக்குப் பக்கத்தில அதே மாதிரி இன்னொண்டு தூசி பிடிச்சுக் கிடக்கே, அது என்னத்துக்குப் புள்ள?"

"அது ஹப். கந்தோர்ல கழிச்சி எறிஞ்சது. இப்ப ஆரும் பாவிக்கிறல்ல."

"ரெண்டும் ஒண்டு மாதிரித்தானே இரிக்கி?"

முஃப்லிஹாவுக்குச் சொல்லிக் கொடுப்பதென்றால் பாயாசம் குடித்த மாதிரி. ஒரு பிளேன்டீயை ஸம்ஹாவின் கையில் கொடுத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"கேளு. ஒவ்வொரு மெசினுக்கும் ஒரு இலக்கம் இரிக்கி, வீட்டு நம்பர் மாதிரி. ஒனக்கு ஒரு கதை வருதெண்டு வையன். ஹப்புக்கு வீட்டு நம்பர் தெரியாது. ஒரு வீட்டுக்குப் போற கதை எல்லா வீட்டுக் கதவையும் தட்டிட்டுத்தான் போகும். 'இது எனக்கில்ல' எண்டு மத்தவன் வெலகிக்கணும். வெலகாம ஒட்டுக் கேக்குறவன் கேப்பான்."

"அல்லாஹ்! அப்ப இந்தப் பெட்டி?"

"இது எந்தத் தொளையில எந்த மெசின் இரிக்கெண்டு பாத்துப் பழகிக்கும். ஒனக்கு வாற கதை ஒன்ட தொளைக்குள்ளால மட்டுந்தான் போகும். அந்தப் பயத்துக்குத்தானே நான் பழசைப் பாவிக்காமக் கைக்காசு போட்டு இதை வாங்கின."

ஸம்ஹா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கதவு தட்டுகிற உதாரணத்தை முஃப்லிஹா அதற்கு முன்னும் யாருக்கும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. சொல்லிக் கேட்கிற காது வேறு எங்கே இருந்தது?

ஒரேயொரு விசயத்தில் மட்டும் ஸம்ஹாவோடு அவளுக்குச் சின்ன வாக்குவாதம். ஸம்ஹா தன் கம்பியூட்டரில் இருந்த படங்களை ஹோலிலிருந்த டீவியில் போட்டுப் பார்ப்பதற்காக, ஒரு ஃபோல்டரை எல்லோருக்கும் திறந்து வைத்திருந்தாள். ஒரே வலைக்குள் இருக்கும் எந்த மெசினிலிருந்தும் அதைத் தேடித் திறக்கலாம், கடவுச்சொல் கேட்காது.

"பெட்டி ஒழுங்கா இரிந்தாலும் நீ வாசலத் தொறந்து வெச்சா நான் என்ன செய்ய? அதச் சாத்துப் புள்ள. சனத்தின்ட படம் இரிக்கி."

"எங்கட ஒழுங்கைதானே. ஆரு வந்து பாக்கப் போறா? நாளைக்குச் சாத்துறன்."

அந்த நாளை வரவேயில்லை.

ஒழுங்கையின் கடைசி வீட்டு றஹ்மத் உம்மாவுக்கு ஒரே மகள், ருஷ்தா. கற்பிட்டியிலிருந்து அவளுக்கு ஒரு நல்ல சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளையின் உம்மாவும் சகோதரிகளும் மட்டும் பார்ப்பதற்கென்று, முக்காடில்லாமல் தலைமுடி தெரிய ஒரு படம் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் இது நடக்கிறதுதான். பெண்கள் கையிலிருந்து பெண்கள் கைக்குப் போய், பார்த்த கையோடு அழித்துவிட வேண்டிய படம் அது. றஹ்மத் உம்மா படத்தை ஸம்ஹாவிடம் கொடுத்து, பின்னால் தெரிகிற ஊத்தைச் சுவரை எடுத்துவிட்டு நல்ல திரையாகப் போடச் சொன்னாள்.

சில நாட்களில் அந்தப் படம் சந்தியிலிருந்த தேத்தண்ணீர்க் கடையில் பொடியன்மாரின் போனில் நின்றது. அங்கிருந்து கற்பிட்டிக்குப் போக எவ்வளவு நேரம்? மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். ருஷ்தா அறைக்குள் போய்ப் படுத்தவள் எழும்பவில்லை. றஹ்மத் உம்மா வாசலில் இருந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுத அழுகை கடல் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

பாண் விற்க வந்தவனின் முச்சில்லு ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்றபோது ஒருத்தி தன் போனை முஃப்லிஹாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். முஃப்லிஹா கண்ணைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் திருப்புவதற்கு முன் ஒன்றைக் கண்டுவிட்டாள். ருஷ்தாவுக்கு இடப்பக்கம் நீலத் திரை, வலப்பக்கம் அதே ஊத்தைச் சுவர். பாதி முடிந்த வேலை. பாதி முடிந்த படத்தை யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை. அது ஸம்ஹாவின் கம்பியூட்டரில் மட்டும்தான் இருந்திருக்கும். ஒழுங்கைக்குள் எவனோ ஒருவன் அந்தத் திறந்த வாசலால் போய் எடுத்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்து சுவரோரம் இருந்தாள் முஃப்லிஹா. ஸம்ஹா வேண்டுமென்று செய்யவில்லை, அசட்டையால் வந்த வினை. இதை நான் போய்ச் சொன்னால் ஒழுங்கை அவளை உயிரோடு தின்றுவிடும். அவள் வாயாலேயே றஹ்மத் உம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்கட்டும், அதுதான் அவளுக்கும் மரியாதை. இப்படி நினைத்து வாயைப் பொத்திக்கொண்டாள். நல்லதை நினைத்துத்தான் பொத்தினாள், பாவி.

அடுத்த நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவள் கதிரையில் இருந்தபோது, பெட்டியில் ஒரு விளக்கு அணைந்தது. யார் வீட்டிலோ கரண்ட் இல்லையாக்கும் என்று நினைத்தாள். இன்னொன்று அணைந்தது. பிறகு பக்கத்துப் பக்கத்தாக இரண்டு. வயரில் அணில் கடித்துவிட்டதோ என்று எழும்பி வெளியே போய்ப் பார்த்தாள். வயருக்கு ஒன்றுமில்லை. முன்வீட்டுப் பெண் தன் சுவரில் வந்து இறங்கிய வயரை இழுத்துக் கழற்றிக்கொண்டிருந்தாள். முஃப்லிஹாவைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். ஒருவர்கூட வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு நாள் அப்படியே போனது. வீடு வீடாகக் கழற்றினார்கள். சிலர் வயரைச் சுருட்டி, செத்த பாம்பைப் போடுவதுபோல் அவளுடைய கேற்றில் மாட்டிவிட்டுப் போனார்கள். அவளைக் கண்டால் பெண்கள் முந்தானையை இழுத்து முகத்தை மூடினார்கள். அவள் ஏதோ அந்நிய ஆம்பிளை என்பதுபோல.

கடைசியில் ஒரேயொரு விளக்கு மிஞ்சியது. ஸம்ஹாவின் விளக்கு. அது மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் துடித்துக்கொண்டிருந்தது.

முஃப்லிஹா அதைப் பார்த்து அழுதாள். ஊரே கைவிட்டாலும் அவள் என்னை நம்புகிறாள் என்று வாய்விட்டுச் சொன்னாள். முகாமில் காய்ச்சலில் கிடந்தபோது இடுக்கால் வந்து ஆடிய அந்த ஈர்க்கு ஞாபகம் வந்தது. மனசு நிறைந்துபோய், தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் அடித்து வட்டிலப்பம் அவித்தாள். ஸம்ஹாவுக்கு ஏலக்காய் தூக்கலாக இருக்க வேண்டும். அப்படியே போட்டாள்.

வட்டிலப்பம் ஆறிக்கொண்டிருந்தபோது றஹ்மத் உம்மா வந்தாள். கையில் சுருட்டிய வயர். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றாள்.

"இந்தா மகள், ஒன்ட சாமான். என்ட புள்ளைக்கு நீ இதைச் செய்வியெண்டு நான் நினைக்கல்ல."

"மாமி, அல்லாஹ் அறிய நான் ஒண்டும் செய்யல்ல. ஒங்கட படம் இந்தப் பெட்டிக்குள்ள நிக்கிறதே இல்ல."

"எனக்குப் படிப்பு இல்லத்தான். ஆனாக் காது இரிக்கி. ஒன்ட பெட்டியில ஒரு வீட்டுக்குப் போற கதை எல்லா வீட்டுக் கதவையும் தட்டிட்டுத்தான் போகுமாமே? நீ நடுவுல குந்திக்கிட்டு ஒவ்வொண்டாப் பாக்கியாமே?"

முஃப்லிஹா நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய வார்த்தை. அச்சொட்டாக அவளுடைய வார்த்தை, அவள் சொன்ன அதே வரிசையில், கழித்தெறிந்த பெட்டியைப்பற்றிச் சொன்னது இந்தப் பெட்டியின் தலையில் ஏறி வந்திருந்தது.

"இத ஆரு மாமி ஒங்களுக்குச் செல்லித் தந்த?"

"ஆரு செல்லணும்? ஒன்ட சினேகிதிதான் வந்து தலையில கைய வெச்சுக்கிட்டு அழுதா. ஒன்னைக் காட்டிக் குடுக்கவே அவளுக்கு மனசில்ல. நாங்க நோண்டி நோண்டிக் கேட்டுத்தான் சென்னா."

றஹ்மத் உம்மா வயரைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். முஃப்லிஹா திரும்பி அலுமாரியைப் பார்த்தாள். அந்த ஒற்றை விளக்கு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. கதையை நம்பியவர்கள் எல்லோரும் பயந்து வயரைக் கழற்றினார்கள். கழற்றாமலிருந்தவள் ஒருத்திதான். அது பொய் என்று தெரிந்தவளும் அவள் ஒருத்திதான்.

வட்டிலப்பத்தை மூடியபடி அடுப்படியிலேயே விட்டுவிட்டு, முஃப்லிஹா வெறுங்கையோடு பக்கத்து வீட்டுக்குப் போனாள். ஸம்ஹா கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். ஹோலில் டீவி முஃப்லிஹாவின் லைனில் ஓடிக்கொண்டிருந்தது. இவளைக் கண்டதும் எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"வா புள்ள, இரி. சாப்பிட்டியா?"

"நான் ஒனக்கிட்டச் சென்ன கதைய நீ றஹ்மத் உம்மாவுக்கிட்டச் சென்னியா?"

ஸம்ஹா பொய் சொல்லப்போகிறாள் என்று முஃப்லிஹா எதிர்பார்த்தாள். அப்படிச் சொல்லியிருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

"ஓம், சென்னன். அவங்க என்ட வாசலுக்கு வந்து, ஒனக்கிட்டத்தானே படத்தத் தந்தெண்டு கேட்டாங்க. நான் என்னத்தச் செல்ல?"

"உண்மையச் செல்லியிரிக்கலாமே. அசட்டையா இரிந்திட்டன், வாசலச் சாத்தல்லயெண்டு. நானும் ஒன்னோட வந்து நிண்டிரிப்பன். நீ செல்லுவாயெண்டுதான் நான் இவ்வளவு நாளும் வாயப் பொத்திக்கிட்டு இரிந்த."

"உண்மையச் சென்னா? நாளைக்கு ஆரு எனக்கிட்டப் படம் தருவா? அத விடு. எனக்கு நாலு பொம்புளப் புள்ளையள். மூத்தவளுக்கு இப்பத்தான் கதை வந்திரிக்கி. ருஷ்தாட கலியாணத்தக் கொழப்பினவள்ட மகளெண்டு ஒருத்தன் வந்து எடுப்பானா?" ஸம்ஹா அழுதுகொண்டே முஃப்லிஹாவின் கையைப் பிடித்தாள். "நீ யோசிச்சுப் பாருடி. ஒனக்கு ஆரு இரிக்கா? மாப்புளையுமில்ல, புள்ளயுமில்ல. ஒன்ட பேரு கெட்டா ஒன்னோட போயிரும். என்ட பேரு கெட்டா நாலு புள்ளையள்ட தலையில விடியும். நீ தாங்குவாயெண்டு எனக்குத் தெரியும் புள்ள. முகாம்லயே நீதானே தைரியசாலி."

முஃப்லிஹா கையை இழுத்துக்கொண்டாள். கட்டியவன் விட்டுப்போன அன்றுகூட அவளுக்கு இப்படி வலித்ததில்லை. அன்று அவளைப் பிடித்துவைத்துக்கொண்டு விடியும்வரை கூட இருந்தவள் இதே ஸம்ஹாதான். "ஒனக்கு நான் இரிக்கன்" என்று திரும்பத் திரும்பச் சொன்ன வாய்தான், இன்று அவளுக்கு யாருமில்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறது.

"இப்பவே நாலு பேரக் கூட்டி வந்து என்ட மெசின்ல ஒன்ட ஃபோல்டரத் தொறந்து காட்ட என்னால ஏலும், ஸம்ஹா."

ஸம்ஹா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"காட்டு பாப்பம். பாத்தீங்களா, இவ இரிந்த எடத்தில இரிந்தே அடுத்த வீட்டுப் படத்தத் தொறக்கிறாளெண்டுதானே செல்லுவாங்க?"

அது உண்மைதான். இத்தனை காலத்தில் ஒருத்தருடைய ஃபோல்டரையும் தொட்டுக்கூடப் பார்க்காத முஃப்லிஹா, தான் பார்க்கவில்லை என்று நிரூபிக்க வேண்டுமானால் ஊர் முன்னால் பார்த்துத்தான் காட்ட வேண்டும். அவளிடம் படித்ததைக் கொண்டே ஸம்ஹா எல்லா வழிகளையும் அடைத்திருந்தாள். எவ்வளவு நன்றாகப் படித்திருக்கிறாள் என்று முஃப்லிஹா நினைத்தாள்.

"கோவத்தில ஒண்டும் செஞ்சிராத," என்றாள் ஸம்ஹா, வாசல்வரை கூடவே வந்து. "கொஞ்ச நாள்ல சனம் மறந்திரும். ஒரு சுவர்ல வாழுற நாங்க."

முஃப்லிஹா வீட்டுக்கு வந்தாள். நடுச்சுவரோரம் நின்ற அலுமாரிக்கு முன்னால் கதிரையைப் போட்டு அதன்மேல் ஏறினாள். அந்த ஒற்றை வயரின் முனையில் விரலை வைத்தாள். தலையைக் கிளிப்போடு சேர்த்து அழுத்தினால்தான் கழன்று வரும், பலவந்தமாக இழுத்தால் துளை உடைந்துபோகும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள். மெதுவாக அழுத்தி எடுத்தாள். விளக்கு அணைந்தது. பெட்டி முழுதும் இருட்டாகக் கிடந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் டீவியின் சத்தம் நின்றது. பிள்ளைகள் ஏதோ கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் சுவரில் இரண்டு தட்டு விழுந்தது. அகப்பைக் காம்பு.

முஃப்லிஹாவின் கை தன்னாலேயே சுவர்வரை போய்விட்டது. அத்தனை வருசப் பழக்கம், அதற்கு மானம் ரோசம் தெரியாது. சுவரில் படுவதற்குள் கையை மடக்கிக்கொண்டாள்.

மறுபடியும் இரண்டு தட்டு.

"முஃப்லிஹா! லைன் போயிட்டுப் புள்ள, ஒருக்காப் பாரன்." சற்று நேரம் பொறுத்து, குரல் இன்னும் உயர்ந்தது. "என்ன, வீட்டில ஆருமில்லயா?"

"இல்ல," என்றாள் முஃப்லிஹா சுவரைப் பார்த்து. "இஞ்ச ஆருமில்ல."

பிறகு கதிரையிலிருந்து இறங்கி, ஸம்ஹாவின் வீட்டு வயரைச் சுருட்டத் தொடங்கினாள்.